ஒரு நகரம், பதினெட்டுக் குறும்படங்கள்: 'பாரிஸ், ஜு தெம்' பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு ஊரைப் பற்றிய ஆந்தாலஜி படம் ஏதாவது சொல்லுங்கள் என்று யார் கேட்டாலும் நான் 2006-ல் வந்த 'பாரிஸ், ஜு தெம்' படத்தைத்தான் சொல்வேன். "பாரிஸே, உன்னைக் காதலிக்கிறேன்" என்று அர்த்தம். பார்த்துவிட்டு வருகிறவர்கள் கேட்கும் சந்தேகங்கள் மட்டும் மாறுவதே இல்லை. சிலர் கோபமாகக் கேட்பார்கள், சிலர் "நீங்க சொன்னீங்களேன்னு பார்த்தேன்" என்று இழுப்பார்கள். எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதிவிட்டால் இனி லிங்க் அனுப்பினால் போதும். சில கதைகளின் முடிவு இதில் வெளிப்பட்டுவிடும், அதற்கு நான் பொறுப்பில்லை.

ஆந்தாலஜின்னா நாலஞ்சு கதையைச் சேர்த்து ஒரே படமா விடுறது, அது தெரியும். இதுல அப்படி என்ன விசேஷம்?

வழக்கமாக ஆந்தாலஜியில் கதைகளைக் கோப்பது ஒரு கருப்பொருளாக இருக்கும். இதில் கோப்பது ஊரின் வரைபடம். பாரிஸ் மாநகரம் 20 வட்டாரங்களாகப் பிரிக்கப்பட்டது. சேன் ஆற்றங்கரையில் 1-ல் தொடங்கி நத்தை ஓடு மாதிரி சுற்றிச் சுற்றி வெளியே போய் 20-ல் முடியும். வட்டாரத்துக்கு ஒரு குறும்படம், ஒவ்வொன்றும் சுமார் 5 நிமிடம், எங்காவது காதலோ அன்போ இருக்க வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை. கோயன் சகோதரர்கள், அல்ஃபோன்ஸோ குவாரோன், கஸ் வான் சான்ட், வால்டர் சாலஸ், பேய்ப்படங்களுக்குப் பெயர்போன வெஸ் கிரேவன் என்று 20-க்கும் மேற்பட்ட இயக்குநர்கள். இப்படி ஒரு பட்டியலை இன்னொரு படத்தில் பார்ப்பது கஷ்டம்.

20 வட்டாரம்னு சொல்றீங்க, எண்ணிப் பார்த்தா 18 படம்தான் வருது. மீதி ரெண்டு எங்கே?

11-ம் வட்டாரமும் 15-ம் வட்டாரமும் இல்லை. அவற்றையும் எடுத்தார்கள். 11-ஐ ரஃபாயேல் நஜாரியும் 15-ஐ கிறிஸ்டோஃபர் போவும் இயக்கினார்கள், ஆனால் மொத்தப் படத்தோடு சேராது என்று கடைசியில் வெட்டிவிட்டார்கள்.

ஒரு மாநகரத்தின் இரண்டு வட்டாரத்தையே தூக்கிவிட்டார்கள், அதைப் பெரும்பாலானோர் கவனிப்பதுகூட இல்லை. அப்படியென்றால் வரைபடம் இந்தப் படத்துக்கு எவ்வளவு முக்கியம் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். பல துண்டுகளைப் பெயர் மாற்றி வேறு வட்டாரத்தில் போட்டாலும் வித்தியாசம் தெரியாது. தெரிகிற துண்டுகள் எவை என்பதுதான் எனக்குச் சுவாரசியமான கேள்வி, கீழே அதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லப் போகிறேன்.

அஞ்சு நிமிஷத்துல ஒரு ஊரைக் காட்ட முடியுமா? போஸ்டர் ஒட்டுற வேலை மாதிரி இருக்கு.

முடியும், ஆனால் ஊரைக் 'காட்ட' முயலக் கூடாது. வால்டர் சாலஸும் டானியலா தாமஸும் சேர்ந்து எடுத்த 16-ம் வட்டாரத் துண்டை எடுத்துக்கொள்ளுங்கள். இருட்டு விலகாத காலையில் ஓர் இளம்பெண் தன் கைக்குழந்தையைக் காப்பகத்தில் விடுகிறாள். வரிசையாகத் தொட்டில்கள். குழந்தை அழ, குனிந்து ஒரு ஸ்பானிஷ் தாலாட்டைப் பாடி, கையை ஆட்டி ஆட்டிச் சமாதானப்படுத்திவிட்டு ஓடுகிறாள். அப்புறம் பஸ், ரயில், மெட்ரோ, நீண்ட நடைபாதைகள், மறுபடியும் நடை. கடைசியில் பணக்கார வீடு ஒன்று. முகமே காட்டப்படாத எஜமானியின் குரல் மட்டும் உள்ளிருந்து வருகிறது: இன்று நான் வர ஒரு மணி நேரம் தாமதமாகும், பரவாயில்லையா? பரவாயில்லை என்கிறாள். எஜமானியின் குழந்தை அழுகிறது. அதே தாலாட்டு, அதே கையசைவு. கண் மட்டும் ஜன்னலுக்கு வெளியே.

இதில் ஒரு நினைவுச் சின்னம்கூடக் கிடையாது. தலைப்பில் இருக்கும் 16-ம் வட்டாரமே கடைசியில்தான் வருகிறது, அதற்கு முன் நாம் பார்த்ததெல்லாம் அங்கே போய்ச் சேரும் பாடு. வசனமும் அனேகமாக இல்லை. ஆனால் யார் எங்கே வாழ முடிகிறது, யார் யாருடைய பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறார்கள், அதற்காக எத்தனை வண்டி மாறுகிறார்கள் என்பது முழுசாக வந்துவிட்டது. அந்த "ஒரு மணி நேரம் தாமதமாகும்" என்ற வரியின் விலையை யார் கொடுப்பார்கள் என்று யோசித்தால் காப்பகத்தில் இருக்கும் குழந்தைதான் நினைவுக்கு வரும். மொத்தப் படத்தில் எனக்கு முதலிடம் இதற்குத்தான்.

ஈபிள் டவர், முத்தம், காபி, மழை. இது டூரிசம் விளம்பரம்தானே? நேரா சொல்லுங்க.

பாதி அப்படித்தான். கதைகளுக்கு நடுவே வரும் இணைப்புக் காட்சிகளைப் பாருங்கள்: விளக்கெரியும் பாலங்கள், ஆறு, கூரைகள், ஹோட்டல் வரவேற்பறை டிவியில் ஓடுகிற மாதிரியான காட்சிகள். சில்வான் ஷொமே எடுத்த ஈபிள் கோபுரத் துண்டில் முகத்தில் வெள்ளை பூசிய இரண்டு ஊமைக்கூத்துக் கலைஞர்கள் காதலிக்கிறார்கள். பாரிஸ் என்றால் வெளியூர்க்காரர்கள் என்னவெல்லாம் எதிர்பார்ப்பார்களோ அதை ஒரு பிரெஞ்சுக்காரரே எடுத்துக் கொடுத்திருக்கிறார். கிண்டலாகத்தான் செய்தார் என்று சிலர் வாதாடுவார்கள். எனக்கு அந்தக் கிண்டல் போதவில்லை.

மீதிப் பாதி அந்த விளம்பரத்தையே திருப்பி அடிக்கிறது. கோயன் சகோதரர்களின் துண்டு முழுக்க டுயிலரி மெட்ரோ நிலையத்தின் பிளாட்பாரத்திலேயே நடக்கிறது. ஸ்டீவ் புஷெமி ஓர் அமெரிக்கச் சுற்றுலாப் பயணி, பையில் மோனாலிசா அட்டைகள், கையில் வழிகாட்டிப் புத்தகம். மெட்ரோவில் யாரையும் கண்ணுக்குக் கண் பார்க்காதே என்று புத்தகம் எச்சரிக்கிறது, அவர் எதிர்ப் பிளாட்பாரத்து ஜோடியைப் பார்த்துத் தொலைக்கிறார். அப்புறம் என்ன, முத்தமும் கிடைக்கிறது, அடியும் கிடைக்கிறது, கடைசியில் மோனாலிசா அட்டைகள் எல்லாம் அவர் மேலேயே கொட்டப்படுகின்றன. புஷெமி ஒரு வார்த்தை பேசுவதில்லை. லூவர் அருங்காட்சியகம் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது, கேமரா அந்தப் பக்கம் திரும்பக்கூட இல்லை.

இயக்குநர்கள் முக்கால்வாசி வெளிநாட்டுக்காரங்க. அவங்களுக்கு பாரிஸைப் பத்தி என்ன தெரியும்?

18-ல் பிரெஞ்சு இயக்குநர்கள் எடுத்தது 4 தான். மற்றவர்கள் அமெரிக்கா, பிரேசில், மெக்சிகோ, ஜப்பான், ஜெர்மனி, ஸ்பெயின், தென்னாப்பிரிக்கா, கனடா என்று பல திசை. இதைக் குறையாகச் சொல்பவர்கள் அதிகம். நான் முழுக்க ஒத்துக்கொள்ள மாட்டேன். பாரிஸில் தெருவில் நடக்கிறவர்களில் எத்தனையோ பேர் வேறெங்கிருந்தோ வந்தவர்கள்தான். வந்தவன் கண்ணில் படும் பாரிஸும் பாரிஸ்தான். வந்தவன் என்பதை மறைத்துக்கொண்டு உள்ளூர்க்காரன் மாதிரி நடிக்கும்போதுதான் படம் பொய்யாகிறது.

இதை நன்றாகப் புரிந்துகொண்டவர் அலெக்ஸாண்டர் பெய்ன். கடைசித் துண்டு அவருடையது, 14-ம் வட்டாரம். அமெரிக்காவின் டென்வர் நகரத்தில் தபால் பட்டுவாடா செய்யும் நடுத்தர வயதுப் பெண் கேரல், தனியாக வந்திருக்கிறாள். தன் பயணத்தைப் பற்றி அமெரிக்க உச்சரிப்பு சொட்டும் பிரெஞ்சில், பள்ளிக்கூடக் கட்டுரை வாசிப்பது போல அவளே பின்னணியில் வாசிக்கிறாள். மோன்பார்னாஸ் கல்லறைத் தோட்டத்துக்குப் போகிறாள். தத்துவவாதி சார்த்தருக்குப் பக்கத்தில் அடக்கமாகியிருப்பது பெண்ணிய எழுத்தாளர் சிமோன் த பொவ்வார். கேரலோ அவரை சிமோன் பொலிவார் என்கிறாள், தென்னமெரிக்க விடுதலை வீரர் பொலிவாரோடு குழப்பிக்கொண்டு. தியேட்டரில் சிரிப்பு வரும். உயரமான மோன்பார்னாஸ் கட்டடத்தின் மேலே நின்று ஊரைப் பார்க்கும்போது, அழகாக இருக்கிறதே என்று திரும்பிச் சொல்லப் பக்கத்தில் ஆளில்லை என்கிறாள். அங்கே சிரித்தவர்கள் கப்சிப்.

பிறகு ஒரு பூங்கா பெஞ்சில் சாண்ட்விச் சாப்பிடும்போது காரணமே தெரியாமல் சந்தோஷமும் சோகமும் ஒன்றாக வருகின்றன. வேறொன்றும் நடப்பதில்லை. ஆனால் அந்தப் பூங்காவில் உள்ளூர்க்காரர்கள் புல்லில் படுத்திருப்பதும் பிள்ளைகள் ஓடுவதும் அவள் பார்வையில் வரும்போது, ஒரு வேலைநாளின் பாரிஸை முதல்முறையாக இந்தப் படத்தில் பார்ப்பது மாதிரி இருக்கும். பெய்ன் அவளுக்குக் காதலனைத் தேடிக் கொடுக்கவில்லை, அதற்காகவே அவருக்கு ஒரு கும்பிடு.

அப்ப உள்ளூர் ஆளுங்க எடுத்ததுல ஒண்ணும் தேறலையா?

தேறும். படத்தின் முதல் துண்டு, மோன்மார்த்ர். புரூனோ பொதாலிதெஸ் எடுத்து அவரே நடித்தது. ஆள் காரை எடுத்துக்கொண்டு சந்து சந்தாகப் பார்க்கிங் தேடித் திட்டிக்கொண்டே சுற்றுகிறார். மோன்மார்த்ர் என்றால் ஓவியர்கள், வெள்ளைத் தேவாலயம், படிக்கட்டு என்று எல்லோரும் எதிர்பார்க்கும் இடத்தில் வண்டி நிறுத்த இடமில்லாத எரிச்சலை வைத்துத் தொடங்கியது உள்ளூர்க்காரருக்கே வரும் யோசனை. அப்புறம் காருக்குப் பக்கத்தில் ஒரு பெண் மயங்கி விழ, கதை வழக்கமான பாதைக்குப் போய்விடுகிறது. முதல் இரண்டு நிமிடம் பிரமாதம்.

எது உங்களுக்குச் சுத்தமா ஒட்டலை?

மதலேன் பகுதியில் ரத்தக் காட்டேரி காதல். இயக்கியவர் வின்சென்ஸோ நடாலி, நடித்தவர் எலைஜா வுட். இருட்டுத் தெரு எந்த ஊரிலும் இருக்கும். நொபுஹிரோ சுவாவின் துண்டில் ஜூலியட் பினோஷ் மகனை இழந்த தாயாக உருகி உருகி நடிக்கிறார், நடுராத்திரியில் குதிரையேறி ஒரு கௌபாய் வருகிறார். நடிப்பு சரி, ஊர் எங்கே?

ஆனால் எனக்கு உண்மையில் வருத்தம் தந்தது கிறிஸ்டோபர் டாயல் எடுத்த 13-ம் வட்டாரத் துண்டு. 1975-க்குப் பிறகு வியட்நாம், கம்போடியா, லாவோஸ் நாடுகளிலிருந்து அகதிகளாக வந்தவர்கள் குடியேறி, அடுக்குமாடிக் கட்டடங்களுக்கு நடுவே கடையும் உணவகமும் போட்டு உருவாக்கிய பகுதி அது. அந்த இடத்தில் கேமராவை வைத்துவிட்டு, அழகுநிலையத்துக்குப் பொருள் விற்க வரும் ஒருவரையும் குங்ஃபூ போடும் பெண்களையும் வைத்து வண்ண வண்ணமாக விளையாடியிருக்கிறார். பார்க்க ஜாலிதான். அங்கே வாழ்கிறவர்களுக்கு அதில் ஒரு மூலைகூடக் கிடைக்கவில்லை.

பாரிஸ்ல நம்ம ஆளுங்க இவ்வளவு பேர் இருக்காங்களே, படத்துல ஒருத்தராவது வர்றாங்களா?

இல்லை. இதில் வேடிக்கை என்னவென்றால் 10-ம் வட்டாரத் துண்டின் தலைப்பே ஃபோபூர் சான்-தெனி. அந்தத் தெருவின் வடக்கு முனை போய் முட்டுவது லாச்சப்பலில். பாரிஸில் சொந்தக்காரர் இருப்பவர்களுக்கு அந்தப் பெயரைச் சொன்னாலே போதும்: ஈழத்தமிழர் கடைகள், புடவைக்கடை, நகைக்கடை, மளிகை, தமிழ்ப் பெயர்ப்பலகை, எல்லாம் அங்கேதான். பக்கத்திலேயே 18-ம் வட்டாரத்தில் 1985-ல் தொடங்கப்பட்ட மாணிக்க விநாயகர் ஆலயம் இருக்கிறது, ஆண்டுதோறும் கோடை முடிகிற சமயத்தில் தேர் வெளியே வந்து தெருவெல்லாம் தேங்காய் உடைபடும்.

டாம் டிக்வர் எடுத்த துண்டில் நதாலி போர்ட்மன் ஒரு நடிகை, காதலன் பார்வையற்ற மாணவன். மொத்தப் படத் திட்டத்துக்கு முன்னோடியாக எடுக்கப்பட்டு 2004-லேயே தனிக் குறும்படமாக வெளிவந்தது. வேகமான, அழகான படத்தொகுப்பு. ஆனால் தெரு வெறும் பின்னணி. கல் வளைவில் தொடங்கி, முடிதிருத்தும் கடைகள், துருக்கி குர்து உணவகங்கள், இந்திய பாகிஸ்தானிய உணவகங்கள் நிறைந்த, கூரை போட்ட பிராதி பாசாஜ் சந்து, இரண்டு பெரிய ரயில் நிலையங்கள், கடைசியில் தமிழ்க்கடைகள் என்று ஒரே தெரு தானாகவே ஒரு ஆந்தாலஜி. அதை அப்படியே விட்டுவிட்டார்கள்.

பிரான்ஸில் தமிழர் வாழ்க்கை பெரிய திரைக்கு வந்தது 2015-ல், ழாக் ஓதியார் இயக்கிய 'தீபன்' படத்தில். கான் திரைப்பட விழாவின் முதல் பரிசான தங்கப்பனையை வாங்கியது. முக்கியப் பாத்திரத்தில் எழுத்தாளர் ஷோபாசக்தி. அந்தக் கதை பெரும்பாலும் நடப்பது புறநகர்க் குடியிருப்பில், அது அடுத்த கேள்விக்கு இழுத்துப் போகிறது.

2005-ல அங்கே பெரிய கலவரம் நடந்துச்சே. அடுத்த வருஷம் வந்த படத்துல அதைப் பத்தி மூச்சே இல்லையே?

பாரிஸ் மாநகர எல்லை நாம் நினைப்பதைவிடச் சின்னது, 105 சதுர கிலோமீட்டர். சென்னை மாநகராட்சியில் நாலில் ஒரு பங்குதான். சுற்றிலும் 35 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு வட்டச்சாலை, 1973-ல் முடிக்கப்பட்டது. அதற்கு உள்ளே இருப்பவர்கள் சுமார் 21 லட்சம், வெளியேயும் சேர்த்தால் ஒன்றேகால் கோடி வரும். கலவரம் தொடங்கியது 2005 அக்டோபர் 27-ல், கிளிஷி-சூ-புவா என்ற புறநகரில், போலீஸுக்குப் பயந்து மின்நிலையத்துக்குள் ஒளிந்த இரண்டு சிறுவர்கள் மின்சாரம் தாக்கி இறந்த பிறகு. மூன்று வாரம் நாடு முழுக்கப் பரவியது. ஆனால் கிளிஷி எந்த வட்டாரத்திலும் சேராது. 20 வட்டாரம் என்று கணக்குப் போட்ட நிமிடமே படம் அந்த மக்களை வெளியே நிறுத்திவிட்டது.

ஆனால் மூச்சே இல்லை என்று சொல்ல முடியாது. குரிந்தர் சத்தாவின் துண்டில் ஆற்றங்கரையில் பெண்களைக் கேலி செய்துகொண்டு உட்கார்ந்திருக்கும் மூன்று பையன்களில் ஒருவன், தலையில் துணி கட்டிய முஸ்லிம் பெண்ணிடம் பேசப் போகிறான். அரசுப் பள்ளிகளில் அதைத் தடைசெய்யும் சட்டம் 2004-ல்தான் வந்திருந்தது என்பதைத் தெரிந்துகொண்டு பார்த்தால் அந்த இனிப்பான கதைக்குக் கொஞ்சம் காரம் வரும். ஆலிவர் ஷ்மிட்ஸ் எடுத்த 19-ம் வட்டாரம் இன்னும் நேரடி: கத்திக்குத்துப் பட்டு பிளாஸ் தெ ஃபெத் சதுக்கத்தில் கிடக்கும் நைஜீரிய இளைஞன், முதலுதவிக்கு வந்த பெண்ணிடம் காபி குடிக்க வருகிறாயா என்று கேட்கிறான். வேலை போய், கிட்டாரும் போய், அங்கே வந்து விழுந்தவன். அவளை முன்பே ஒருமுறை பார்த்திருக்கிறான், அவளுக்கு அது பிடிபடுவதற்கு நேரமாகிறது. காபி வரும்போது அவன் இல்லை. வட்டச்சாலைக்கு உள்ளேயே இருக்கிற வெளியே என்று இதைச் சொல்லலாம். சாலஸின் துண்டும் இந்த வகைதான்.

நான் பாரிஸ்லதான் 12 வருஷமா இருக்கேன் அண்ணா. இந்தப் படம் என் ஊர் மாதிரியே இல்லை. நீங்க எப்படி நல்ல படம்னு சொல்றீங்க?

நீங்கள் சொல்வதுதான் சரியாக இருக்கும், தம்பி. உங்கள் ஊர் என்பது அனேகமாக நீங்கள் வேலைக்குப் போகும் ரயில் பாதை, குடியிருக்கும் தெரு, குடியுரிமைக் கடுதாசிக்காக நின்ற வரிசை. இதில் ரயில் பாதை மட்டும்தான் படத்தில் இருக்கிறது, அதுவும் சாலஸ் தயவில். ஒரு ஊரின் குணம் அதன் இடங்களில் இருப்பதைவிட இடத்துக்கு இடம் போவதிலும் காத்திருப்பதிலும்தான் அதிகம் என்பது என் கட்சி. படத்தில் தேறிய துண்டுகளைக் கவனியுங்கள்: மெட்ரோவில் காத்திருக்கும் ஒருவன், வண்டி மாறி மாறிப் போகும் ஒருத்தி, பார்க்கிங் தேடும் ஒருவன், தனியாக நடக்கும் ஒருத்தி. குவாரோன் எடுத்த 17-ம் வட்டாரம்கூட, கதை ஒரு சின்ன ஏமாற்று வேலைதான் என்றாலும், இரண்டு பேர் தெருவில் பேசிக்கொண்டே நடப்பதை ஒரே ஷாட்டில் எடுத்ததால் அந்தச் சாயங்கால நடைபாதை மனதில் நிற்கிறது.

18-ல் 4, 5 தேறினால் நல்ல படமா என்று கேட்டால், ஆந்தாலஜியில் அது நல்ல கணக்கு என்பேன்.

இதே மாதிரி பழைய பிரெஞ்சுப் படம் ஒண்ணு இருக்காமே? அது இதைவிட மேலா?

1965-ல் வந்த 'பாரி வு பார்'. ஆறு இயக்குநர்கள், ஆறு பகுதிகள், 16 மி.மீ. கேமராவைத் தூக்கிக்கொண்டு தெருவில் இறங்கி எடுத்தது. தயாரித்தவர் பார்பே ஷ்ரோடர். மேலே சொன்ன 13-ம் வட்டாரத் துண்டில் அழகுப்பொருள் விற்க ஒருவர் வருகிறாரே, 40 வருடம் கழித்து அந்த வேடத்தில் நடித்தவர் இவரேதான்.

ஊரைப் பிடித்த விதத்தில் எனக்கு அந்தப் பழைய படம்தான் மேல். எரிக் ரோமர் எடுத்த எத்வால் சதுக்கத் துண்டை எடுத்துக்கொள்ளுங்கள். வெற்றி வளைவைச் சுற்றி 12 பெரிய சாலைகள் வந்து சேருகின்றன, சிக்னல்கள் கார்களுக்குத் தோதாக அமைந்தவை, நடந்து சுற்றி வருகிறவன் ஒவ்வொரு சாலை வாயிலும் நின்று நின்றுதான் போக வேண்டும். சட்டைக்கடை விற்பனையாளர் ஒருவர் தினமும் இப்படிப் போகிறார். ஒரு நாள் வழியில் ஒரு குடிகாரனோடு தகராறு, குடையால் தட்டியதில் அவன் விழ, செத்துவிட்டானோ என்று பயந்து சட்டைக்காரர் ஓடுகிறார். பிறகு தினப்படி வழியையே மாற்றிக்கொள்கிறார். சிக்னல் நேரத்தை வைத்தே ஒரு கதை, அந்தச் சதுக்கம் இல்லாமல் அந்தக் கதையே கிடையாது. ழான் ரூஷ் எடுத்த கார் து நோர் (வடக்கு ரயில் நிலையம்) துண்டும் அப்படி: ஏறத்தாழ வெட்டே இல்லாமல் ஒரு கணவன் மனைவி சண்டை, லிஃப்ட், தெரு, தண்டவாளத்துக்கு மேலே பாலம் என்று போகும். முடிவைச் சொல்ல மாட்டேன், ஒன்றாவது மிச்சம் இருக்கட்டும்.

அப்புறம் இதே மாதிரி 'காதலிக்கிறேன்'னு தலைப்பு வெச்சு நியூயார்க், ரியோ, பெர்லின்னு வரிசையா படம் வந்துச்சே. அதெல்லாம் பார்க்கலாமா?

இறங்குமுகம்தான். நியூயார்க் படத்தில் ஒவ்வொரு இயக்குநருக்கும் இரண்டு நாள் படப்பிடிப்பு, ஒரு வாரம் எடிட்டிங் என்று விதி. அத்தியாயத் தலைப்பு இல்லாமல் கதைகளைக் குழைத்துவிட்டார்கள், பெரும்பாலும் மன்ஹாட்டனையே சுற்றுகிறது. இரண்டு துண்டுகள் பிடிக்கும். மீரா நாயரின் துண்டில் வைர வியாபாரத்தில் எதிரெதிரே உட்காரும் குஜராத்தி ஜைனராக இர்ஃபான் கான், யூதப் பெண்ணாக நதாலி போர்ட்மன். 47-ம் தெரு வைரச் சந்தையில் இந்த இரண்டு சமூகமும் உண்மையிலேயே சேர்ந்து தொழில் செய்கின்றன, ஒருவர் சாப்பிடாததை இன்னொருவர் கேட்பதிலேயே நெருக்கம் வந்துவிடுகிறது. இன்னொன்று ஜோஷுவா மார்ஸ்டன் எடுத்தது: எலி வாலக்கும் குளோரிஸ் லீச்மனும் கிழத்தம்பதி, காலைத் தூக்கி நட என்று திட்டிக்கொண்டே புரூக்ளினில் கடலைப் பார்க்கப் போகிறார்கள். மறுபடியும் நடைதான், பாருங்கள்.

ரியோ படத்தில் மலைமேல் நிற்கும் கிறிஸ்து சிலையைப் பார்த்து ஒருவன் கோபத்தில் கத்துவதாக ஒரு துண்டு, சிலையை நிர்வகிக்கும் கத்தோலிக்க மறைமாவட்டம் முதலில் அனுமதி மறுத்துப் பிறகுதான் இறங்கி வந்தது. பெர்லின் படத்தில், சீன அரசை விமர்சிக்கும் கலைஞர் அய் வெய்வெய் எடுத்த துண்டையே நீக்கிவிட்டார்கள். சீனாவைப் பகைக்க வேண்டாம் என்ற பயம்தான் காரணம் என்றார் அவர். ஊரைக் காதலிக்கிறேன் என்று தலைப்பு வைத்துவிட்டால் ஊரோடு சண்டை போடுகிறவனுக்கு இடம் குறைந்துவிடுகிறது.

டோக்கியோ படம் மட்டும் ஏன் எல்லாரும் தூக்கி வெச்சுப் பேசுறாங்க? அதுவும் வெளிநாட்டுக்காரங்க எடுத்ததுதானே?

ஆமாம், 2008-ல் வந்த 'டோக்கியோ!'. மிஷேல் கோந்த்ரி, லியோஸ் கராக்ஸ், பொங் ஜூன்-ஹோ, மூவரும் வெளியூர். ஆனால் மூன்றே கதை, ஒவ்வொன்றுக்கும் அரை மணி நேரத்துக்கு மேல் இடம், காதலைச் சொல்லியே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

கோந்த்ரியின் கதை நியூயார்க்கில் நடக்கும் ஒரு காமிக்ஸிலிருந்து எடுத்தது. அதைத் தூக்கி டோக்கியோவில் வைத்தார். ஊருக்குப் புதிதாக வரும் ஜோடி, நண்பி வீட்டின் கையகல அறையில் ஒண்டிக்கொண்டு வாடகைக்கு வீடு தேடுகிறது. இடமே இல்லாத ஊரில் அந்தப் பெண் மெல்ல மெல்ல ஒரு நாற்காலியாக மாறிவிடுகிறாள். இரவல் கதை, ஆனாலும் ஒட்டுகிறது. பொங் எடுத்தது பத்து வருடமாக வீட்டைவிட்டு வெளியே வராத ஒருவனைப் பற்றி. பீட்சா கொண்டுவந்த பெண்ணைத் தேடி அவன் ஒருவழியாகத் தெருவுக்கு வந்தால், ஊரில் எல்லோரும் வீட்டுக்குள் அடைந்துவிட்டார்கள். 2020-க்குப் பிறகு இதைப் பார்ப்பவர்கள் சிரிப்பதில்லை.

பிள்ளைகளோட உக்காந்து பார்க்கலாமா?

முழுசாக வேண்டாம். போதைப்பொருள் வாங்குவது, ரத்தம், கெட்ட வார்த்தை எல்லாம் இருக்கிறது. ஈபிள் கோபுரத் துண்டை மட்டும் போட்டுக் காட்டுங்கள், அவர்களுக்குப் பிடிக்கும்.

ரெண்டு மணி நேரம் பொறுமை இல்லை. எதை மட்டும் பார்க்கட்டும்?

சாலஸ், கோயன், ஷ்மிட்ஸ், பெய்ன், இந்த வரிசையில். நாலும் சேர்ந்து அரை மணி நேரம்கூட ஆகாது. நேரம் இருந்தால் அதற்கு மேல் ரோமரின் எத்வால்.

அடுத்த மாசம் பாரிஸ் போறேன். படத்துல வர்ற இடங்களையெல்லாம் சுத்திப் பார்க்கலாம்னு இருக்கேன், சரியா?

பூங்காக்களும் கல்லறைத் தோட்டங்களும் சுலபம், போகலாம். பெர்-லாஷெஸ் கல்லறைத் தோட்டத்தில் எழுத்தாளர் ஆஸ்கர் வைல்டு கல்லறையில் லிப்ஸ்டிக் முத்தம் பதிப்பது வெஸ் கிரேவனின் துண்டில் வரும், அந்த எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள், 2011-லேயே சுற்றிலும் கண்ணாடி போட்டுவிட்டார்கள்.

என்னைக் கேட்டால் ஒரு மத்தியானத்தை ஃபோபூர் சான்-தெனி தெருவுக்கு ஒதுக்குங்கள். தெற்கே கல் வளைவில் தொடங்கி வடக்கே நேராக நடங்கள், நிற்காமல் போனால் அரை மணி நேரத்துக்குள் லாச்சப்பல் வந்துவிடும், நின்று நின்று போனால் மத்தியானமே போய்விடும். சாப்பாட்டை முன்பே முடித்துக்கொள்ள வேண்டாம். கொத்து ரொட்டிக் கடை அந்தப் பக்கம்தான்.